கொஞ்சம் வேகமா மன்னிங்கம்மா

காதல் தோல்விப் பாட்டு என்று யாராவது வாயெடுத்தால் போதும், பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைப்பே அதுதான் என்பதால் வருகிற எரிச்சல் அது. பாட்டுக்கு வீடியோ எடுக்கிற இடங்களில் பாட்டைப் போட்டுவிடுகிற வேலை அவளுக்கு. நடிக்கிறவன் வாயசைக்க வேண்டுமென்றால் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டுமல்லவா? அதற்கு ஒரு லேப்டாப், ரெண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு தள்ளுவண்டி, ஒரு பழைய வேன். டைரக்டர் "பாட்டு!" என்று கத்தினால் போட வேண்டும், "கட்!" என்று கத்தினால் நிறுத்த வேண்டும். அதே நாலு வரியைக் காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை போட்டுப் போட்டு, எழுதினவனைத் தேடிப்போய் ரெண்டு அறை விடலாமா என்று தோன்றும் அளவுக்குக் கேட்டாக வேண்டும். ஸ்பாட்டில் எல்லாரும் அவளை ஸ்பீக்கர் அக்கா என்பார்கள். வீட்டில் அவள் பெரியவள், தங்கச்சி சின்னவள். அவ்வளவுதான் குடும்பம்.

அப்பா மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கூட்டமோ கல்யாணமோ கடைத் திறப்போ, எங்கே நாலு பேர் கூடினாலும் அப்பாவின் ஸ்பீக்கர்தான் கத்தும். அம்மா முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா ஒரு நாள் ஏணியில் நின்று ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாக்குக் கொடுத்திருந்தது. பெரியவள் போய் மைக்செட் போட்டுவிட்டுத்தான் வந்தாள். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் யார் போய்ப் போடுவது? பக்கத்து வீட்டுக்காரி, "என்னா கல்நெஞ்சு இந்தப் பொண்ணுக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று பெரியவள் ஒயரைச் சுருட்டினாள். பள்ளிக்கூடப் பையோடு நின்ற சின்னவளைப் பார்த்து, "அழாத. அழுதா மூக்குதான் வீங்கும். வா, அந்த மைக்கைப் புடி" என்றாள். தங்கச்சியை வளர்த்த முறையே அதுதான். சாப்பாடு, படிப்பு, துணிமணி எதிலும் குறை வைக்கவில்லை. அழுகைக்கு மட்டும் அந்த வீட்டில் இடம் கிடையாது. இடம்தான் எங்கே இருந்தது? கூடம் முழுக்க ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பெட்டி, ஒயர்ச் சுருள். நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு சந்து.

வீடியோக்காரர்களிடம் வேலை கிடைத்த பிறகு அவளுடைய ஏளனத்துக்குத் தீனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெண்டாட்டி விட்டுப்போனவன் ஏன் தாடி வைக்கிறான்? சரி, வைத்துத் தொலையட்டும், அதை ஏன் சலூனில் போய் வரைந்துகொண்டு வருகிறான்? வீடு முழுக்க எதற்கு இத்தனை மெழுகுவத்தி? பெண்டாட்டி போனாளா, கரண்ட் போனதா? மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தத் தெரியாதா? விட்டுப்போகிறவள் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓடுகிறாளே, பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியவில்லையா பாவம்? இப்படி ஸ்பாட்டில் லேப்டாப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் விடுகிற கமெண்டுக்கு லைட்மேன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பெரியவளுக்குப் பிடிக்கும். அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் சின்னவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'காலி நாற்காலி' என்ற பாட்டைப் போட்டுவிட்டுத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கே திரும்பினாலும் அதுதான். ஆட்டோவில், சலூனில், மருந்துக் கடையில், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்க வைக்க என்று ஊரே அதைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. 'காலி நாற்காலி, உன் காலடி கேட்கும் நாற்காலி' என்று ஒருவன் இழுத்து இழுத்துப் பாடுவான். நாற்காலிக்குக் காது எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாடினவன் வேறு யாருமில்லை, சின்னவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைதான். நண்பர்கள் வைத்த பேர் குயில். அந்தப் பேரைச் சொல்லி அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பான்.

ஓட்டல் வரவேற்பறையிலும் கல்யாண மேடையிலும் பாடிக்கொண்டிருந்தவன். பெரியவளிடம்தான் மைக் வாடகைக்கு எடுப்பான். அந்த மைக்கைத் திரும்ப வாங்கிவரச் சின்னவளை அனுப்பியதுதான் பெரியவள் செய்த மடத்தனம். மைக் வந்தது, கூடவே அவனும் வந்தான். வேண்டாம்டி என்று பெரியவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "அவன் கண்ணாடியைப் பாத்துதான் பாடறான். ஆளுங்களைப் பாத்துப் பாடறதே இல்ல, கவனிச்சியா?" என்றாள். சின்னவள் கேட்கவில்லை. கல்யாணம் ஆயிற்று.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா வீட்டுக் கதையும்தான். சின்னவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேம் பொருத்தி, காதுக்குப் பின்னால் இடிக்கிறதா, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு வளைத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைப்பாள். துரை 'மூடு' வரவில்லை என்று படுத்திருப்பார். டீ ஆறிப்போனால் மூடு போய்விடும். குக்கர் விசில் அடித்தால் மூடு போய்விடும். கடைசியில் ஒரு நாள், "உன்னைப் பாத்தா எனக்குப் பாட்டே வரமாட்டேங்குது. கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல இரேன்" என்றான். போனாள். துணி எடுக்கத் திரும்பி வந்தபோது கதவுக்கு அவளுடைய சாவி சேரவில்லை, உள்பூட்டையே மாற்றியிருந்தான்.

அவளை அனுப்பிவிட்டு ஐயாவுக்குப் பாட்டு வந்துவிட்டது. எப்படி? அவள் இவரை விட்டுப் போய்விட்டாளாம்! நாற்காலி காலியாம்! ரெண்டாவது சரணத்தில் 'பசிச்சா சொல்லு கண்ணே' என்று உருகுவான். ஒரு நாளாவது வெந்நீர் வைத்திருப்பானா அந்தத் தடியன்? பேட்டி வேறு. "அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பேட்டி எடுத்த பெண் மூக்கை உறிஞ்சினாள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதாம். மூணு தெரு தள்ளி ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தாள்!

கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்கிறவளே சின்னவளிடம், "அந்தப் பாட்டுல வர்றது நீதானாமே? ஏன் இப்படிப் பண்ண? பாவம்ல அந்த மனுஷன்" என்று கேட்டாள். சின்னவள் ஒரு ஃபிரேமை எடுத்துத் துடைத்தாளாம். பெரியவளுக்கு இதைக் கேட்டு ரத்தம் கொதித்தது. "பளார்னு ஒண்ணு வைக்கறதுக்கென்ன? கை சும்மாதானே இருந்துச்சு?" என்றாள். சின்னவள் வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டையே போட்டு அழுவதைப் பார்த்ததும் இன்னும் கொதித்தது. குளியலறைக் கதவைத் தட்டி, "கச்சேரி முடிஞ்சுதா? எனக்குக் குளிக்கணும்" என்பாள். சாப்பிடும்போது, "நாற்காலியில உக்காராத, கோவிச்சுக்கப் போவுது" என்பாள். சின்னவள் சில நாள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் குயில் போன் செய்தான். பாட்டுக்கு வீடியோ எடுக்கிறார்கள். கடைசிக் காட்சியில் நிஜப் பெண்டாட்டியே கதவைத் திறந்துகொண்டு வந்து அவனை மன்னிக்க வேண்டும். "நடிக்கறதுக்கு இல்ல, நெசமாவே வந்துடு. அப்படியே நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்றானாம்.

பெரியவள் வேலை முடிந்து வந்தபோது சின்னவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அவர்கிட்ட போறேன்க்கா."

போகாதே என்று பையைப் பிடித்துக்கொள்ளத்தான் பெரியவளுக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்ததென்னவோ, "ஓ! குயில் கூப்பிட்டுச்சா? போ, போ. பூட்டு திறக்குதான்னு பாத்துட்டு பையை உள்ள வை" என்பதுதான். திட்டினாள், கத்தினாள், அவனைப்போல் தலையைச் சாய்த்துப் பாடியும் காட்டினாள். சின்னவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இந்தத் தடவை போனால் இவள் திரும்ப மாட்டாள், அங்கேயே தேய்ந்து போவாள் என்று பெரியவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நாம் வளர்த்த பிள்ளை நம் கண் முன்னாலேயே குழியில் இறங்குகிறதே, கையைப் பிடித்து இழுத்தால் கையை உதறுகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வீடியோ கம்பெனி மேனேஜரிடமிருந்து போன். "ஸ்பீக்கர் அக்கா, ஒரு ஷூட் இருக்கு. 'காலி நாற்காலி'. வந்துடுங்க." அந்த ஆளுக்கு உறவுமுறையெல்லாம் தெரியாது. செருப்பால் அடிப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது. "வர்றேன் சார்" என்றாள்.

யோசனை இதுதான். இந்தச் சோகப் பாட்டு வீடியோக்களில் எல்லாம் மெதுவாக, மிதப்பதுபோல நடக்கும், பார்த்திருப்பீர்கள். முடி மெதுவாகப் பறக்கும், கண்ணீர் மெதுவாக இறங்கும். ஆனால் பாடுகிறவன் வாய் மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். எப்படி? எடுக்கும்போது கேமராவையும் பாட்டையும் ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுவார்கள். அவனும் அந்த வேகத்துக்கே லபலபவென்று வாயசைத்து, அவசர அவசரமாக அழ வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் வாய் பாட்டோடு பொருந்தும், மற்றதெல்லாம் மிதக்கும். வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்கீச்சென்று அணில் கத்துவதுபோல ஆகிவிடும். அப்படி ஆகாமலிருக்க லேப்டாப்பில் ஒரு பட்டன் உண்டு. பெரியவள் அந்தப் பட்டனை அமுக்கப் போவதில்லை. குயில் அணிலாகட்டும். அவன் சோகத்தின் லட்சணத்தைச் சின்னவள் தன் காதால் கேட்கட்டும். கேட்டுச் சிரித்துவிட்டாளென்றால் தீர்ந்தது. சிரித்த இடத்துக்கு எவளும் திரும்பிப் போக மாட்டாள் என்பது பெரியவளுடைய கணக்கு.

"வா, வேன்லயே போயிடலாம். எனக்கும் அங்கதான் வேலை" என்றாள். சின்னவள் பையைத் தூக்கி ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைத்தாள். அவள் அதுவரை ஷூட்டிங் பக்கமே வந்ததில்லை.

வாடகைக்கு எடுத்த வீடு அது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் மழை பெய்விக்க வந்த மழைக்காரர் மொட்டை மாடியில் ஓட்டை போட்ட குழாயோடு உட்கார்ந்து, தண்ணி லாரி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. தரையில் மெழுகுவத்தி வரிசை வரிசையாக. நடுவில் அந்த நாற்காலி, அதற்கு மட்டும் தனியாக ஒரு லைட். குயில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். மேக்கப்காரர் ஒரு சின்ன பிரஷ்ஷால் அவனுடைய கன்னத்தில் சோகத்தை இட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். சின்னவளைக் கண்ணாடியிலேயே பார்த்து, "வந்துட்டியா? பின்னாடி உக்காரு, கூப்பிடுவாங்க" என்றான். தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் தாடி கலைந்துவிடுமே!

விட்டுப்போகிற பெண்டாட்டியாக நடிக்க வந்த பெண் வெள்ளை கவுனில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்து, "நீங்கதானா அந்த அக்கா? எப்படித்தான் மனசு வந்துச்சு உங்களுக்கு?" என்றாள். நல்ல பெண்தான், கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டைரக்டர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "பாட்டு!" என்றான்.

பெரியவள் போட்டாள். கீச்சு மூச்சென்று அறை முழுக்க அணில் கும்பல் இறங்கினதுபோல இருந்தது. குயில் கண்ணில் கிளிசரின் வழிய, தவளைபோல வாயை வெடுக்கு வெடுக்கென்று திறந்து மூடி, படபடவென்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஒரே தாவலில் நாற்காலியின் காலடியில் விழுந்தான். லைட்மேன் ஒருவர் சிரிப்பு தாங்காமல் துணிக்குப் பின்னால் போய்விட்டார். மேக்கப்காரருக்கு இருமல் வந்தது. சூயிங்கம் பெண் பகிரங்கமாகவே சிரித்தாள்.

"அக்கா, குரலை நார்மலா வைங்கக்கா" என்றான் குயில் எழுந்து.

"மெஷின்ல கோளாறு மாப்பிள்ளை. நீங்க உருகுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் ஆசை ஆசையாகத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் நின்றது. இதற்கும் அழுகிறாளே! இவளை என்னதான் செய்வது? அடுத்த டேக்கில் பெரியவள் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தாள். அதற்கும் சின்னவளிடம் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. சின்னவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். கதவைத் திறந்து வர வேண்டும், நாற்காலி வரை நடக்க வேண்டும், அவன் முகத்தைத் தொட வேண்டும், மன்னிக்க வேண்டும். பாட்டு கீச்சிட்டது. சின்னவள் வந்தாள். அவள் எப்போதும் நடக்கிற நடை, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுடைய நிதானமான நடை.

"கட்! அம்மா, இப்படி நடந்தா ஸ்கிரீன்ல நீங்க தூங்கிட்டே வர்ற மாதிரி இருக்கும். வேகமா வரணும். எல்லாமே ரெண்டு மடங்கு. ஓகேவா?"

அடுத்த தடவை பஸ்ஸைப் பிடிக்க வருகிறவள்போல வந்தாள். அவன் முகத்தருகே போனதும் கை தயங்கி நின்றது.

"அங்க நிக்கக் கூடாதும்மா! டக்குனு தொட்டு, டக்குனு கட்டிப் புடிச்சிடணும். கொஞ்சம் வேகமா மன்னிங்கம்மா, மழைத் தண்ணி தீரப்போவுது!"

மேலேயிருந்து மழைக்காரரும், "ஆமாம்மா, தண்ணி இல்ல!" என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது டேக். சின்னவள் வந்தாள், அவன் முன்னால் நின்றாள். அணில் கத்திக்கொண்டிருக்கிறது, அவன் வாய் அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் உதடு அசைந்தது. ஏதோ கேட்கிறாள். சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பெரியவள் பாட்டை நிறுத்திவிட்டாள். 'கட்' சொல்லாமல் பாட்டை நிறுத்துவது அந்தத் தொழிலில் பெரிய குற்றம். அவளுக்கே ஏன் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நிசப்தத்தில் சின்னவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது. "பூட்டை ஏன் மாத்துனீங்க?"

குயிலின் வாய் பாட்டின் வேகத்தில் இன்னும் ரெண்டு தடவை அசைந்து நின்றது. அவன் கண்ணை மட்டும் கேமரா பக்கம் உருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கொஞ்சம் அந்தப் பக்கம் நகரு, என் மேல விழற லைட்டை மறைக்கற" என்றான்.

சின்னவள் நகர்ந்தாள். அப்படியே நகர்ந்து கதவை நோக்கி நடந்தாள், அவளுடைய சொந்த நடையில். வாசற்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்தது பெரியவளை. பெரியவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சபாஷ்டி என் ராசாத்தி என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. சின்னவள் வெளியே போய்விட்டாள்.

"கட்! சூப்பர்!" என்று குதித்தான் டைரக்டர். "மன்னிக்கறதை விட இது நூறு மடங்கு நல்லா இருக்கு. இதையே வச்சுக்கலாம்!"

வேனில் திரும்பி வரும்போது பெரியவளுடைய வாய் ஓயவில்லை. லைட்டை மறைக்கிறாளாமே! கேட்டியா? அந்தத் தாடியைக் கழுவினால் தண்ணி கறுப்பாகப் போகும். நாற்காலிகூட அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது, நான் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது அவனைப்போல நெஞ்சில் அடித்துக் காட்டினாள்.

"போதும்க்கா" என்றாள் சின்னவள்.

"என்ன போதும்? இனிமேதான்டி ஆரம்பமே. இன்னைக்குத்தான் உனக்கு புத்தி வந்துச்சு. அந்தப் பாட்டை நம்பி..."

"அந்தப் பாட்டை நான் என்னைக்குக்கா நம்புனேன்? அவர்கூட குடித்தனம் பண்ணவ நான். பொய்னு எனக்குத் தெரியாதா?"

பெரியவள் வண்டியை ஓரம் கட்டினாள். "அப்புறம் ஏன்டி விடிஞ்சா அடைஞ்சா அதையே போட்டு அழுத?"

"சும்மா அழுதா நீ சிரிப்ப. பாட்டைப் போட்டு அழுதா பாட்டைத் திட்டுவ. என்னை விட்டுடுவ." சின்னவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவர்கிட்ட போகணும்னு நினைச்சதும் அதுக்குத்தான்க்கா. அங்க என்னை யாரும் கவனிக்கவே மாட்டாங்க. ஒரு மூலையில அழுதுட்டுக் கிடக்கலாம். உன் வீட்டுல அதுக்கு வழியில்ல. வந்த நாள்லேருந்து அவரைத்தான் திட்டற. என்ன ஆச்சு, எப்படி இருக்கன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பெரியவள் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "சரி, கேக்கறேன். சொல்லு. என்ன ஆச்சு?" என்றாள்.

சின்னவள் ஆரம்பித்தாள். "அன்னைக்குத் துணி எடுக்கப் போனேன்ல, கதவைத் தட்டுனேன். உள்ளேருந்து அவரு பாடறது கேட்டுச்சு. தட்டறது காதுல விழுந்தும்..."

"நாய்! அவனையெல்லாம் நிக்க வச்சு..." என்று பெரியவள் பாய்ந்துவிட்டாள். பழக்கம். அடக்க முடியவில்லை. அடுத்த நொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் கோபப்படவில்லை. பின்னால் எட்டிப் பையை எடுத்துக்கொண்டாள். "கடை பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு இடம் இருக்குன்னு கூட வேலை செய்யறவ சொன்னா. அங்க போறேன்க்கா. நீ நல்லா இரு" என்று இறங்கி நடந்தாள். பெரியவள் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

வீடியோ வெளிவந்தது. ஊர் பைத்தியம் பிடித்து அலைந்தது. அந்தக் கடைசிக் காட்சிதான் காரணம். கேமரா ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடியதல்லவா? சின்னவள் தன்பாட்டுக்கு நடந்தது படத்தில் பாதி வேகத்துக்கு இறங்கி, ஏதோ மகாராணி ஏழையை மிதித்துவிட்டு ஊர்வலம் போவதுபோல ஆகிவிட்டது. மழை கொட்டுகிறது, மெழுகுவத்தி எரிகிறது, அவன் கண்ணில் கிளிசரின் பளபளக்கிறது, அவள் மெல்ல, மெல்ல, அசைந்து போகிறாள். கீழே ஆயிரக்கணக்கில் வசவு. 'என்னா திமிர் நடையில!' 'இவளுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?' 'வாசல்ல நின்னு அவரைப் பாக்கறா பாருங்க, அப்பவும் மனசு இரங்கல.' வேலை வெட்டியில்லாத கூட்டம்! ஒரு பெண் கதவைத் தாண்டிப் போவதற்குள் அவள் குலம் கோத்திரம் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். பெரியவள் ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொருவனுக்கும் வண்டி வண்டியாகப் பதில் எழுதத் தொடங்கினாள். எழுதுவதற்காக அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டாள்.

வாசற்படி வந்தது. சின்னவள் திரும்பினாள்.

அவள் யாரைப் பார்க்கிறாள் என்று உலகத்திலேயே பெரியவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஷூட்டிங்கில் அது கண்சிமிட்டும் நேரம். படத்தில் அந்த முகம் மெதுவாகத் திரும்பி, மெதுவாக நிமிர்ந்து, நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பார்வையில் ஜெயித்த களிப்பு எங்கே இருக்கிறது? உதடு கோணுகிறது. கீழ் இமை நடுங்குகிறது. அக்கா, வாயேன், கொஞ்சம் என்னைப் பிடிச்சுக்கோயேன் என்று அந்த முகம் கெஞ்சுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி நின்று கட்டைவிரலைக் காட்டிப் பல்லை இளித்துக்கொண்டிருந்தாள், அது மட்டும் படத்தில் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்து போனது. பிறகுதான் சின்னவள் திரும்பி வெளியே போகிறாள்.

பெரியவள் நிறுத்தினாள். எழுதின பதில்களையெல்லாம் அழித்தாள். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஊரில் உள்ளவன் அழுகையையெல்லாம் பார்த்து நையாண்டி பண்ணிப் பண்ணி, தன் கையில் வளர்ந்தவளுடைய அழுகை எது என்று தெரியாமல் போய்விட்டதே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலுக்குப் போனாள். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் பெஞ்சு, மேலே கடகடவென்று ஆடுகிற மின்விசிறி, சுவரில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்ற போர்டு. சின்னவள் கீழே இறங்கி வந்து, எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் வசவாகத்தான் வரும் என்று பயம். சின்னவளே மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள், விட்ட இடத்திலிருந்து. தட்டத் தட்ட உள்ளே பாட்டு நின்றதாம். பூனைநடை நடந்து வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றானாம். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டதாம். இவள் அவன் பேரைச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அவன் திரும்பிப் போய்ப் பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடினானாம். இதைச் சொல்லும்போது சின்னவளுக்கு வெடித்துக்கொண்டு வந்தது. பாட்டு எதுவும் துணைக்கில்லாமல், போர்டையும் மதிக்காமல், ஓவென்று அழுதாள். பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தங்கச்சியின் முதுகில் வைத்தாள். மாடிப்படியில் ரெண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வார்டன் வந்து நின்றாள். பெரியவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்துச் சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுது வீங்கின முகத்தோடு லேசாகச் சிரித்து, "இப்ப திட்டுக்கா அவனை. உன் இஷ்டத்துக்கு" என்றாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். அன்றைக்குப் பார்த்து ஒரு வசவும் வரவில்லை. மூக்குதான் வீங்கத் தொடங்கியது.